பொட்டு வைத்த மோட்டார்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன். ஆயுத பூஜை போய், தீபாவளியும் போய்விட்டது. ஆறவில்லை. அதனால் இந்த வாரம் கோபமாகவே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பின்னால் ராசிபலன் இருக்கிறது.

ஆயுத பூஜை அன்று மத்தியானம். பெருங்களத்தூரில் என் வீட்டு மாடிப்படி. இரண்டு கையிலும் கடல் தண்ணீர் கேன். பாதிப் படி ஏறும்போதே தெரிந்துவிட்டது...

சத்தம் இல்லை.

எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு சத்தம் இருக்கும். மீன் தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டார். பெரிய வண்டு ஒன்று அறைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே குமிழி உடைகிற சத்தம். வீட்டுக்கு வருகிறவர்கள், “இன்னாங்க இது, தலைவலியா கீது” என்பார்கள். எனக்கு அது நின்றால்தான் தலைவலி.

அது நின்றிருந்தது.

உள்ளே போவதற்கு முன்னால் மீன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வீடு மாற்றுகிறவர்களின் சாமானை ஏற்றி இறக்குவது பிழைப்பு. ஒருமுறை தாம்பரத்தில் ஒரு குடும்பம் வெளிநாடு கிளம்பியது. சொந்தக்காரர் வீட்டில் போட்டுவைக்க எல்லாச் சாமானும் ஏறியது. ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி மட்டும் மிச்சம். உள்ளே இரண்டு கடல் மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. கோமாளி மீன் என்று பெயர்.

“இத எங்க சார் இறக்கணும்?” என்றேன்.

“அதுவா? நீயே எடுத்துட்டுப் போப்பா. இல்லேன்னா கீழ கொட்டிடு.”

கொட்டிவிடு! மூச்சு விடுகிற இரண்டு உயிரை. அந்த வீட்டு ஃபிரிட்ஜுக்குக் கம்பளி சுற்றியிருந்தார்கள். டி.வி.யை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அப்படித்தான் அந்த ஜோடி எங்கள் வீட்டுக்கு வந்தது. என் மனைவி வசந்தி முதலில் முறைத்தாள். பிறகு சாப்பாடு போட்டாள். பிறகு என்னைவிட அவள்தான் அதிகம் பார்த்தாள்.

ஒரு நாள் அவள்தான் கூப்பிட்டாள். “இங்க வாங்க. சட்டியில இன்னாவோ கீது.”

தொட்டிக்குள் போட்டிருந்த மண்சட்டியின் முதுகில் முட்டை. கேசரிப் பொடி தூவின மாதிரி. ஆண் மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. கையை விட்டால் கடித்தது. அவ்வளவு நல்ல அப்பாவை நான் பார்த்ததில்லை.

கடல் மீனை வீட்டில் வைத்திருப்பதே கஷ்டம். முட்டை போட வைப்பது அதைவிடக் கஷ்டம். ஆனால் அது எல்லாம் ஒன்றுமில்லை. பொரிந்த குஞ்சைக் காப்பாற்றுவது இருக்கிறதே... அங்கேதான் எல்லோரும் தோற்பார்கள். குஞ்சு ஊசி முனை அளவு. அது வாயில் நுழைகிற மாதிரி தீனி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. அந்தப் பூச்சிக்குப் பாசித் தண்ணீர் வேண்டும். மொட்டை மாடியில் டிரம் வைத்துப் பச்சைத் தண்ணீர் வளர்த்து, அதில் பூச்சி வளர்த்து, பூச்சியைக் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும்.

இட்லிக்குச் சொல்கிற மாதிரி, ஈடு என்றுதான் நாங்கள் சொல்வோம். முதல் ஈட்டுக் குஞ்சுகள் தீனி பத்தாமல் செத்தன. அடுத்த ஈடு - பக்கத்து வீட்டுக் கொசுவத்திப் புகையை மோட்டார் இழுத்துத் தண்ணீரில் ஊதிவிட்டது. போயிற்று. அதற்கடுத்தது ஏன் செத்தது என்றே தெரியவில்லை. காலையில் பார்த்தால் இல்லை.

வசந்தி ஒவ்வொரு முறையும் சட்டியைக் கழுவித் திரும்ப வைப்பாள்.

“எதுக்குப்பா இந்த பேஜாரு?” என்று எங்கள் ஸ்டாண்டில் கேட்பார்கள். “கடல் மீன வூட்ல வறுக்கலாம். வளக்க முடியுமா?”

எதற்கு என்று சொல்கிறேன். கடையில் பார்க்கிறீர்களே, கலர் கலராகக் கடல் மீன்... அதில் முக்கால்வாசி கடலில் பிடித்தது. பாறை இடுக்கில் அது பாட்டுக்கு இருந்ததைப் பிடித்து, பையில் கட்டி, பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். வழியில் எத்தனை செத்தது என்று எந்தக் கடையில் எழுதி வைத்திருக்கிறார்கள்? வீட்டில் பிறந்த மீனுக்குத் தொட்டிதான் ஊர். ஒரு மீன் வீட்டில் பிறந்து பிழைத்தால், கடலில் ஒரு மீன் தப்பிக்கும். இது என் கணக்கு. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

இந்த முறை ஈடு நன்றாக வந்தது. கருப்புத் தூசியாக இருந்த குஞ்சுகள் மெல்ல ஆரஞ்சாக மாறின. கழுத்துப் பக்கம் வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டால் அப்புறம் பயமில்லை, பிழைத்தது என்று அர்த்தம். ஒன்றிரண்டுக்குக் கோடு மாதிரி தெரிய ஆரம்பித்திருந்தது. வசந்தி கண்ணாடி போட்டுக்கொண்டு தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்கு வுழுந்துடும் பாருங்க,” என்றாள்.

நாளைக்கு ஆயுத பூஜை.

மழையில் கடல் கலங்கிக் கிடந்தது. அன்றைக்குத்தான் தெளிந்திருந்தது. குஞ்சுகளுக்கு என்று தனியாக வைத்த தொட்டிக்குச் சுத்தமான கடல் தண்ணீர் வேண்டும். விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கோவளம் போனேன். அங்கே சேவியர் அண்ணன் படகுக்காரர். அலை தாண்டி, உள்ளே போய், கேனில் மொண்டு வந்து தருவார்.

“எல்லாரும் கடல்ல மீனப் புடிச்சிகினு போவான். நீ ஒருத்தன்தான் கடலையே புடிச்சிகினு போற,” என்றார். சிரித்துவிட்டுக் கேனை வண்டியில் ஏற்றினேன்.

பூஜை நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் வரைக்கும் நன்றாகத்தான் வந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் மாட்டினேன். தொடர்ந்து லீவு. சென்னையே ஊருக்குக் கிளம்பியிருந்தது. நான் போவது எதிர்ப்பக்கம். ஆனால் என் வீட்டுக்குப் போக ரோட்டைக் குறுக்கே தாண்ட வேண்டுமே! யார் விடுவார்கள்? பஸ், கார், கார் மேல் கட்டின சூட்கேஸ்... நெற்றியில் சந்தனம் வைத்த பானெட்டாகவே வந்துகொண்டிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வசந்தி போன் செய்தாள்.

“எங்க கீறீங்க?”

“ஜி.எஸ்.டி.”

“அண்ணன் வந்துட்டாரு. நல்ல நேரம் முடியப் போவுதாம்.”

“ஆரம்பிக்கச் சொல்லு.”

“வண்டி இல்லாமயா?”

“நவர மாட்டேங்குது.”

“சரி.”

அந்த ‘சரி’க்குப் பின்னால் இவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவள் அண்ணன் குமரேசன். என் மச்சான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அலுமினியத்தை உருக்கி வண்டிக்குப் பாகம் வார்க்கிற கம்பெனி. கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூசணிக்காய், பொரி, கதம்பம் எல்லாம் அவரே வாங்கி வருவார். வருஷா வருஷம் என் வண்டிக்கு அவர்தான் பூஜை போடுவார். ஒரு வருஷம் போடாமல் விட்டதில் டயர் வெடித்தது என்று இன்னும் சொல்லிக் காட்டுவார்.

இந்த வருஷம் வண்டி இல்லை. நல்ல நேரம் போகிறது. மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. மாப்பிள்ளைக்கு என்று ஒன்று வேண்டாமா? சுற்றிப் பார்த்திருக்கிறார்.

“மாப்ளையோட உசுரே இந்த மோட்டார்லதான கீது? இதுக்குப் போட்டுடுவோம்!”

பிரியமாகத்தான் செய்திருக்கிறார். சுவிட்சை அணைத்தார். ஈரத் துணியால் துடைத்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், பூ சுற்றினார். கற்பூரம் காட்டினார். ஆயுதம் ஓய்வெடுக்கிற நாள். பூஜை போட்டதை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் எரிந்த லைட்டையும் அணைத்துவிட்டார். கரண்டுக்கும் ஓய்வு!

கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து இன்வெர்ட்டர் வாங்கி வைத்தவன் நான். புயலுக்கு யோசித்தேன். வெயிலுக்கு யோசித்தேன். எறும்புக்குக்கூட யோசித்தேன். மச்சானுக்கு யோசிக்கவில்லை.

இப்போது உள்ளே போகலாம்.

கேனை வாசலில் போட்டேன். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து பொரியும் சுண்டலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “வா மாப்ள! உன் ஆயுதத்துக்கும் சேத்துப் போட்டுட்டேன். ஜம்முனு கீது பாரு.”

ஜம்மென்றுதான் இருந்தது. கதம்பத்துக்குள் மோட்டார் செத்துப்போன ஆள் மாதிரி கிடந்தது.

தொட்டி முன்னால் வசந்தி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். டம்ளர் வாயில் மெல்லிய வேட்டித் துணி கட்டியிருந்தாள், குஞ்சு உள்ளே போகாமல். தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, கண்ணாடி ஓரமாக ஊற்றினாள். திரும்ப மொண்டாள். காபி ஆற்றுகிற மாதிரி. எப்போது ஆரம்பித்தாளோ... புடவை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

பெரிய தொட்டியில் அப்பாவும் அம்மாவும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

நான் போய் சுவிட்சைப் போட்டேன்.

“ஐயையோ மாப்ள! இன்னா பண்ற? நாளைக்குத்தான எடுக்கணும்? சாமி குத்தமாயிடும்!”

மோட்டார் ஓட ஆரம்பித்தது. பூ அதிர்ந்து கீழே விழுந்தது. டார்ச்சை எடுத்துக் குஞ்சுத் தொட்டிக்குள் அடித்தேன்.

அடியில் ரவை கொட்டின மாதிரி இருந்தது. வெள்ளையாக.

மீன் குஞ்சு செத்தால் வெளுத்துவிடும். நேற்று வரைக்கும் ஆரஞ்சு. பட்டை விழுந்த ஒன்றும் அதில் கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பட்டை நன்றாகத் தெரிந்தது.

மச்சான் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். தோளில் தட்டினார்.

“வுடு மாப்ள. மீனுதான? வேற வாங்கிக்கலாம்.”

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. செத்தது போகட்டும். தெரியாமல் செய்துவிட்டார், அதுவும் போகட்டும். அந்த ‘தான’ இருக்கிறதே... அதைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

மீன்தானே. வாயில்லை, கத்தாது. நாய் என்றால் குரைக்கும். பூனை என்றால் பிராண்டும். கோழிகூடக் கூப்பாடு போடும். மீன் சத்தமே போடாமல் சாகும். சத்தம் போடாமல் சாகிறது எதுவாக இருந்தாலும் நம் ஊரில் அதற்கு ஒரு ‘தானே’ போட்டுவிடுவார்கள். எத்தனை வீடு மாற்றியிருக்கிறேன்! ஏ.சி. கழற்றத் தனியாக ஆள் வருவான். மீனை என்ன செய்வது என்ற கேள்வி கடைசிச் சாமான் ஏறிய பிறகுதான் வரும். கல்யாண மண்டபத்தில், ஓட்டலில், டாக்டர் வரவேற்பறையில்... அழகுக்குத் தொட்டி வைப்பார்கள். ஒன்று செத்தால் ஆள் வந்து வலையில் எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றைப் போட்டுவிட்டுப் போவான். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கும். வளர்ப்பதா அது? பூ ஜாடியில் பூ மாற்றுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மச்சான் போன பிறகு வசந்தியிடம் கேட்டேன். அவள் மேலும் கோபம்தான். ஏன் இருக்கக் கூடாது?

“ஒரு சுவிட்சு. ஒரு விரலு. போட்டிருக்கலாம்ல?”

“அண்ணன் பூஜை போட்டது. எப்படித் தொடுறது?”

“தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தினியே?”

“டம்ளருக்குப் பூஜை போடலையே.”

இதற்கு என்ன பதில் சொல்வது? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

“என்கிட்ட போன்ல சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீங்க அண்ணன்கிட்ட சண்ட போடுவீங்க. நல்ல நாளும் அதுவுமா...”

கை விட்டுப்போகும் வரைக்கும் தண்ணீர் ஆற்றுவாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அவள் டம்ளர் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அந்த வாய் மேல் கோபம் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் மேல் வந்தால் என்ன செய்வது? சாப்பிடாமல் படுத்தேன்.

காலையில் செத்ததை எல்லாம் டியூபால் உறிஞ்சி எடுத்தேன். அவள் டம்ளர் ஊற்றின ஓரத்தில் கொஞ்சம் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணினால் போனதும் சேர்ந்து தெரியும். மாடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீர் எடுத்து வந்தேன். அவள் பூச்சியை வடிகட்டினாள். இருவரும் பேசவில்லை. வேலை நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் இரண்டு கோல்டு ஃபிஷ்.

“இந்தா மாப்ள. செத்ததுக்குப் பதிலா. இதும் அதே கலருதான்!”

“இது நல்ல தண்ணி மீனு மச்சான்.”

“தண்ணி தண்ணிதான? உப்பு கொஞ்சம் கம்மியா போட்டுக்க.”

வாங்கி ஒரு டப்பில் விட்டேன். அந்த மீன்கள் என்ன பாவம் செய்தன? அவர் உட்கார்ந்தார். வசந்தி காபி கொண்டுவந்தாள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது.

“மச்சான், உங்க கம்பெனியில ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்துவீங்களா?”

“பின்ன? கழுவித் தொடச்சு, மாலை போட்டு... ஒரு மெஷினு ஓடாது. மறுநாள் மொதலாளி வந்துதான் சுவிட்சு போடுவாரு.”

“ஃபர்னஸு?”

“ஃபர்னஸ எப்படி மாப்ள நிறுத்துறது?” சிரித்தார். என் விவரம் கெட்டதனத்துக்குச் சிரித்தார். “உள்ள அலுமினியம் கொழம்பா கீது. நிறுத்தினா ஆறி, பாறையா இறுகிடும். அப்புறம் ஒடைச்சுத்தான் எடுக்கணும். அது பாட்டுக்கு ஓடிகினு இருக்கும். கிட்டப் போயி வெளிப்பக்கமா ஒரு பொட்டு வெச்சுட்டு வந்துடுவோம்.”

“சாமி குத்தம் ஆவாதா?”

“சாமிக்குத் தெரியாதா? நிறுத்தக் கூடாதத நிறுத்தச் சொல்லுமா சாமி?”

குஞ்சுத் தொட்டியைப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மச்சானும் நான் பார்த்த பக்கம் பார்த்தார். காபியைக் குடித்தார். வசந்தி டம்ளரை வாங்காமல் அப்படியே நின்றாள்.

“அது கம்பெனி விஷயம் மாப்ள,” என்றார் கடைசியில். “இது... மீனுதான.”

திரும்பவும் ‘தான’!

பார்த்துக்கொள்ளுங்கள். இவருக்கு விவரம் இல்லை என்று நான் இத்தனை நாள் நினைத்தேன். இருக்கிறது. எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று நன்றாகத் தெரிகிறது. அலுமினியம் இறுகிவிடும் என்று பதறத் தெரிகிறது. அதற்குச் சாமியே வழி விடும் என்றும் தெரிகிறது. மூச்சு நின்றுவிடும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. தெரியாமல் செய்கிறவனை மன்னிக்கலாம். ஒரு இடத்தில் தெரிந்து, இன்னொரு இடத்தில் தெரியாத மாதிரி இருக்கிறவனை என்ன செய்வது? மச்சானை மட்டும் சொல்லவில்லை. உங்களையும் கேட்கிறேன். என்னையும்தான்.

மிச்சக் குஞ்சுகளுக்குப் பட்டை விழுந்தது. முதலில் கழுத்தில், பிறகு நடுவில். மேலே மிதந்து திரிந்தவை கீழே இறங்கி, சட்டி ஓரத்தில் இடம் பிடித்துச் சண்டை போட ஆரம்பித்தன. வசந்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இனிமே சாவாதுங்க,” என்றாள். ஆயுத பூஜைக்கு அப்புறம் எங்களுக்குள் வந்த முதல் நல்ல பேச்சு அதுதான்.

தீபாவளிக்கு மச்சான் வந்தார். ஸ்வீட் பாக்ஸ், வெடி, கூடவே பால்கனிக்குச் சீரியல் லைட். அவரே கட்டினார். பிளக் சொருக இடம் தேடினார். நேராக மோட்டார் பக்கம் போய்ப் பிளக்கில் கை வைத்தார்.

“ஒரு அஞ்சு நிமிசம் இதக் கழட்டிக்கறேன் மாப்ள. எரியுதான்னு பாத்துட்டு மாட்டிடலாம்.”

நான் எழுந்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து வசந்தி வந்துவிட்டாள். கையில் எண்ணெய்க் கரண்டி. அதில் இருந்த வடையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

“அண்ணா! அது ஃபர்னஸு. கைய எடு.”

சுட்ட மாதிரி எடுத்தார்.

மீன் என்று சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டார்.